பட்டினி வேண்டாம், தராசு போதும்: வயதான நாயின் எடையைக் குறைக்கும் அறிவியல்



சில மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில், இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி ஆசிரியர் அறைக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தாள். பாடத்தில் ஏதோ சந்தேகம் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“சார், எங்க வீட்டு டைகருக்குப் பத்து வயசு. வாசல்ல மூணு படிதான் இருக்கு. இப்ப அதுகூட ஏற மாட்டேங்குது. வயசாயிடுச்சு, விடுன்னு பாட்டி சொல்றாங்க. போன வாரம் ஊசி போடப் போனப்ப, ரொம்ப குண்டா இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அதனால இன்னையிலேர்ந்து அதோட சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சிட்டு, சாயந்திரம் பள்ளி முடிஞ்சு போனதும் வெளிய கூட்டிட்டுப் போய் ஓட வைக்கப் போறேன். சரிதானே சார்?”

“கொஞ்சம் பொறும்மா,” என்றேன்.

டைகர் மீது அவளுக்கு இருந்த அக்கறை சரி. ஆனால் அந்தத் திட்டத்தின் இரண்டு பகுதிகளும் ஒரு வயதான நாய்க்கு ஆபத்தானவை. ஏன் என்று அன்று பத்து நிமிடத்தில் முழுமையாக விளக்க முடியவில்லை. இன்று விளக்குகிறேன். அவளும் அவள் குடும்பத்தாரும் அனுமதி தந்ததால் டைகரின் கதையை உங்களுக்குச் சொல்ல முடிகிறது. இரண்டாம் படிவ அறிவியலில் ஊட்டச்சத்து என்ற பாடத்தில் ‘நீலாய் காலோரி’ என்று படித்திருப்பீர்களே, அந்தக் கலோரி மதிப்பு ஒரு வீட்டு வாசலில் எப்படிப் பயன்பட்டது என்பதையும் பார்ப்போம்.

வயதா, எடையா?

‘வயதாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் நாம் காரணம் தேடுவதில்லை. டைகரின் எடை 20 கிலோ. அதன் எலும்புக் கட்டமைப்புக்கு 16 கிலோதான் பொருத்தம் என்று மருத்துவர் கணித்தார். அதாவது 4 கிலோ, அல்லது 25 விழுக்காடு அதிகம். நான்கு கிலோ சிறிதாகத் தெரியலாம். 64 கிலோ எடை இருக்க வேண்டிய ஒருவர் 16 கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு இரவும் பகலும் நடமாடுவதை எண்ணிப் பாருங்கள். அதே 25 விழுக்காடுதான்.

இந்தக் கூடுதல் எடை இரண்டு வழிகளில் தீங்கு செய்கிறது. முதலாவது, இயற்பியல். மூட்டுகளில் விழும் சுமை கூடுகிறது. வயதான நாய்களின் மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கும். இரண்டாவது, வேதியியல். கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு மட்டுமன்று. அது அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களையும் இரத்தத்தில் கலக்கிறது. அவை மூட்டு வலியை மேலும் மோசமாக்குகின்றன.

எடைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பியூரினா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 48 லாப்ரடோர் நாய்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவான உணவைக் கொடுத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. அதிகம் உண்ட குழுவின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், அளவாக உண்ட குழுவினுடையது 13 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகிச்சை தேவைப்படும் நிலையும் அளவாக உண்ட நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது.

கையால் ஒரு சோதனை

நாயின் எடை எண்ணை மட்டும் வைத்து அது பருமனா இல்லையா என்று சொல்ல முடியாது. 16 கிலோ ஒரு நாய்க்குச் சரி, இன்னொன்றுக்கு மிகை. அதனால் மருத்துவர்கள் 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். 4 அல்லது 5 என்றால் சரியான உடல்நிலை. 5-க்கு மேல் கூடும் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுதல் எடையைக் குறிக்கும். டைகர் 7-க்கும் 8-க்கும் இடையில் இருந்தது.

இதன் அடிப்படையை நீங்களே உங்கள் கையில் உணரலாம். இடது கையை முஷ்டியாக மடக்கி, வலது கை விரல்களால் முட்டிகளின் மேல் தடவுங்கள். நாயின் விலா எலும்புகள் அப்படித் துருத்திக்கொண்டிருந்தால் அது மெலிந்த நாய். இப்போது முஷ்டியைத் திறந்து, கையை நேராக நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்புகள் எளிதில் தெரிகின்றன அல்லவா? விலா அப்படி இருந்தால் சரி. அடுத்து உள்ளங்கைப் பக்கம் தடவுங்கள். எலும்பைத் தேடி அழுத்த வேண்டியிருக்கும். விலா அப்படி இருந்தால் எடை அதிகம்.

பிறகு நாயை மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்றே குறுக வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்கால்களை நோக்கி மேலேற வேண்டும். டைகருக்கு இரண்டும் இல்லை.

முதலில் மருத்துவர்

உணவில் கை வைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு முழுப் பரிசோதனை தேவை. பருத்திருப்பது போலத் தெரியும் எல்லா நாயும் அதிகம் சாப்பிட்டுப் பருத்ததாக இருக்காது.

தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தால், குறைவாகச் சாப்பிட்டாலும் எடை கூடும். நாய் சோம்பிக் கிடக்கும். கோர்ட்டிசோல் ஹார்மோன் மிகுந்தால் வயிறு பானைபோல் தொங்கும்; நாய் அடிக்கடி தண்ணீர் குடிக்கும். இதய நோய் முற்றினாலும், நம் நாட்டில் கொசுக்கள் பரப்பும் இதயப்புழு முற்றினாலும், வயிற்றில் நீர் கோத்துக் கொழுப்புபோலத் தோன்றலாம். இந்த நோய்களுக்குத் தேவை சிகிச்சை. உணவைக் குறைத்துக்கொண்டிருந்தால் காலம்தான் வீணாகும்.

டைகருக்கு இரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. பின்னங்கால் மூட்டுகளில் தேய்மானம் இருந்தது. அதற்கு மருத்துவர் வலி மருந்து கொடுத்தார். இங்கே ஓர் எச்சரிக்கை: நாம் விழுங்கும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கடுமையாகப் பாதிக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

இப்போது கணக்கு. 1932-இல் மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி, விலங்குகளின் ஆற்றல் தேவை அவற்றின் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை என்று காட்டினார். எடை இரட்டிப்பானால் தேவை இரட்டிப்பாகாது. அதைவிடக் குறைவாகவே கூடும். எடையின் முக்கால் அடுக்கை ஒட்டி அது கூடுகிறது. இதிலிருந்து வந்ததுதான் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் சூத்திரம்:

ஓய்வு நிலை ஆற்றல் தேவை = 70 × (எடை கிலோவில்)¾ கிலோகலோரி

முக்கால் அடுக்கு என்றதும் அஞ்ச வேண்டாம். எண்ணுக்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, வருவதை மும்மடி ஆக்கினால் போதும். டைகரின் இலக்கு எடை 16. அதன் வர்க்கமூலம் 4. நான்கின் வர்க்கமூலம் 2. இரண்டின் மும்மடி 8. ஆக 70 × 8 = 560 கிலோகலோரி.

கவனித்தீர்களா? இப்போதைய 20 கிலோவை விட்டுவிட்டு, இலக்கான 16 கிலோவைச் சூத்திரத்தில் போட்டோம். எடைக்குறைப்பை மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த அளவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிறகு நாயின் உடல் எப்படி ஏற்கிறது என்பதைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள். கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கு ஆற்றல் தேவை குறைந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். அறுவைக்குப் பிறகும் பழைய அளவிலேயே உணவு தொடர்ந்தால் எடை கூடும். டைகரின் கதையும் அதுதான்.

மூன்று நாள் குறிப்பேடு

அடுத்து அந்த மாணவியிடம் ஒரு வேலை கொடுத்தேன். மூன்று நாள் எதையும் மாற்றாமல், டைகரின் வாய்க்குள் போவதையெல்லாம் எழுதி வரச் சொன்னேன். அவள் கொண்டுவந்த சராசரிக் கணக்கு இது:

காலையில் உலர் உணவு 100 கிராம்: 360 கிலோகலோரி
காலையில் தாத்தா தரும் அரை ரொட்டி சானாய்: 150
மாலைத் தேநீர் நேரத்தில் மூன்று பிஸ்கட்: 75
இரவில் பாட்டி போடும் சோறு 200 கிராம்: 260
அதனோடு தோலுடன் கோழி இறைச்சி: 140
மொத்தம்: 985 கிலோகலோரி

“சார், நான் டைகரோட தட்டைத்தான் பாத்துட்டு இருந்தேன். தாத்தா கைய பாக்கவே இல்ல,” என்றாள்.

இப்போது அவளுடைய முதல் திட்டத்தைச் சோதிப்போம். தட்டில் விழும் உணவு 360 + 260 + 140 = 760. அதைப் பாதியாக்கினால் 380. ரொட்டி சானாயும் பிஸ்கட்டும் அப்படியே தொடரும்: 225. கூட்டினால் 605. எண்ணைப் பார்த்தால் 560-க்கு அருகில் வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் அந்த 605-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மைதா, எண்ணெய், சர்க்கரை. குறைந்ததோ புரதமும் வைட்டமினும் தாதுக்களும் உள்ள உணவு.

வயதான நாய்க்கு இது ஏன் ஆபத்து? முதுமையில் தசை தானாகவே கரையத் தொடங்கும். புரதம் போதாமல் எடை குறைந்தால் உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கும். தராசில் எண் இறங்கும். ஆனால் படியேற உதவும் பின்னங்கால் தசை மெலிந்துபோகும். நாம் விரும்புவது கொழுப்பு குறைந்து தசை நிற்பதுதான். அதனால்தான் எடைக்குறைப்புக்கென்று தயாரிக்கப்படும் உணவில் கலோரி குறைவாகவும், புரதமும் நார்ச்சத்தும் கூடுதலாகவும் இருக்கும்.

எவ்வளவு வேகம்?

நாய் வாரத்துக்குத் தன் எடையில் 1 முதல் 2 விழுக்காடு குறைவது பாதுகாப்பான வேகம். வயதான நாய்க்கு 1 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ போவது நல்லது. 20 கிலோ டைகருக்கு 1 விழுக்காடு என்றால் வாரம் 200 கிராம்.

நம் கணக்கு அதோடு ஒத்துப்போகிறதா? வீட்டிலேயே ஓய்வாக இருக்கும் டைகர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கிலோகலோரி செலவிடுகிறது என்று கொள்வோம். உண்பது 560. பற்றாக்குறை 290. ஒரு வாரத்துக்கு 2,030. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி சேமிப்பு இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்று படித்தோமே, ஒரு கிலோவுக்கு 9,000 வர வேண்டாமா என்று கேட்பீர்கள். கொழுப்புத் திசு முழுவதும் கொழுப்பாக இருப்பதில்லை. அதில் நீரும் புரதமும் உண்டு. அதனால்தான் குறைகிறது. 2,030-ஐ 7,700-ஆல் வகுத்தால் 0.26. அதாவது வாரம் 260 கிராம், 1.3 விழுக்காடு. பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறது.

மைலோ டின்

மருத்துவர் பரிந்துரைத்த எடைக்குறைப்பு உணவில் 100 கிராமுக்கு 300 கிலோகலோரி. தின்பண்டங்கள் ஒரு நாளின் மொத்தத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. 560-இல் 10 விழுக்காடு 56. மீதி 504. அது 168 கிராம் உணவுக்குச் சமம்.

ஒவ்வொரு நாள் காலையிலும் 168 கிராமைச் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு வைத்தாள் அந்த மாணவி. கப்பால் அளக்கவில்லை, ஒரே கப்பை ஒருவர் தளும்பவும் இன்னொருவர் குறைவாகவும் நிரப்புவார்கள். வீட்டில் ஒரே ஒரு விதி: டைகருக்கு யார் எதைக் கொடுத்தாலும் அந்த டின்னிலிருந்துதான் கொடுக்க வேண்டும். டின் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. புதிய உணவுக்கு ஒரே நாளில் மாறவில்லை. பத்து நாளில், பழையதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் புதியதைக் கூட்டினார்கள். இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும்.

தாத்தா உடனே ஒப்புக்கொண்டார். ரொட்டி சானாய்க்குப் பதில் வெள்ளரிக்காய்த் துண்டும் வேகவைத்த பயற்றங்காயும் கொடுத்தார். 100 கிராம் வெள்ளரிக்காயில் 15 கிலோகலோரிதான். பாட்டிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. “வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டு என்னத்தக் காணப் போறீங்க?” என்று அவர் இரண்டு நாள் பேசவே இல்லையாம்.

பாட்டியின் கோபத்தில் நியாயம் இருந்தது. பத்து ஆண்டுகளாக இரவு எட்டு மணிக்கு அவர் கையால்தான் டைகர் சாப்பிட்டது. கணக்குப் போட்ட நாங்கள் அதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. அதனால் டின்னில் பாதியை இரவுக்கென்று ஒதுக்கி, பழைய தட்டிலேயே, அதே எட்டு மணிக்குப் பாட்டியே போடும்படி மாற்றினார்கள். சோறு இல்லை, பாட்டி இருந்தார். டைகர் வாலாட்டிக்கொண்டு சாப்பிட்டது. மூன்றாம் நாள் பாட்டி தராசையும் தானே எடுத்துக்கொண்டார்.

எடைக்குறைப்பு உணவு சாதாரண உணவைவிட விலை கூடுதல். எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சாதாரண உணவையோ வீட்டுச் சமையலையோ கொண்டு சத்துக் குறையாத திட்டம் ஒன்றை அவர் வகுத்துத் தர முடியும். நாமாகச் சோற்றையும் கோழியையும் ஊகித்து அளக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் இருப்பது லாப்ரடோர் என்றால் இன்னொரு செய்தி. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடோர்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவின் ஒரு சிறு பகுதி இல்லை என்று கண்டறிந்தார்கள். அவற்றுக்கு உணவின் மீது நாட்டம் மிகுதி. எப்போதும் தட்டருகே நிற்கும் லாப்ரடோரைப் பேராசைக்காரன் என்று திட்டாதீர்கள். அதற்கு அந்தப் பசி பிறப்பிலேயே வந்திருக்கலாம். அளப்பது நம் கையில் இருக்கிறது.

ஓட வேண்டாம், நடக்கட்டும்

மாணவியின் திட்டத்தின் இரண்டாம் பகுதி ஓட்டம். இதில் எனக்கே ஒரு பழைய வடு உண்டு. நான்காம் படிவம் படித்தபோது, எங்கள் வீட்டுக் குண்டு ஜிம்மியை மாலை நாலரை மணிக்குத் திடலில் என்னோடு ஓட வைத்தேன். இரண்டாம் சுற்றில் அது தள்ளாடி விழுந்தது. நாக்கு கருஞ்சிவப்பாக இருந்தது. அப்பா ஓடி வந்து தூக்கிப் போய்க் குழாயடியில் உடல் முழுவதும் நனைத்து, மின்விசிறி முன் கிடத்தி, பிறகு கிளினிக்குக்குக் கொண்டு போனார். ஜிம்மி பிழைத்தது. நான் பயந்த பயம் இன்னும் போகவில்லை.

காரணம் இதுதான். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். மூச்சிரைப்பதன் மூலம் நாக்கிலும் சுவாசப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன்னைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஆவியாதல் மெதுவாகும். நம் நாட்டுக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். அதோடு பருத்த நாயின் கொழுப்பு உள்வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வெப்பத்தாக்கு.

எனவே வெயில் ஏறுவதற்கு முன் காலையிலும், இருட்டிய பிறகு மாலையிலும் நடக்க விடுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. டைகர் முதலில் பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு இரண்டு முறை நடந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் கூட்டினார்கள். மறுநாள் நொண்டினால் கூட்டவில்லை.

நடை எவ்வளவு கலோரியை எரிக்கும்? ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு, ஏறக்குறைய 1 கிலோகலோரி. 20 கிலோ டைகர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 20 கிலோகலோரி. ஒரு பிஸ்கட்டுக்கு 25! ஆக எடையைக் குறைப்பது பெரும்பாலும் உணவுதான். பிறகு நடை எதற்கு? தசையைக் காக்க, மூட்டு இறுகாமல் இருக்க. வீட்டுக்குள் வழுவழுப்பான தரைக்கற்களில் ரப்பர் பாய் விரித்ததும், வளர்ந்திருந்த நகங்களை வெட்டியதும் டைகர் வழுக்காமல் எழுந்து நிற்க உதவின.

தராசு சொன்ன கதை

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், காலை உணவுக்கு முன் எடை பார்த்தார்கள். அண்ணன் டைகரைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பிறகு தனியாக நின்று, இரண்டையும் கழித்தார்கள். இதோ பதிவு:

தொடக்கம்: 20.0 கிலோ
2-ஆம் வாரம்: 19.8
4-ஆம் வாரம்: 19.5
6-ஆம் வாரம்: 19.2
8-ஆம் வாரம்: 19.2
10-ஆம் வாரம்: 19.2
12-ஆம் வாரம்: 18.8
26-ஆம் வாரம்: 17.0

ஆறாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரை எண் அசையவில்லை. எடை குறையும்போது உடலின் தேவையும் குறைவதால் இப்படித் தேங்குவது இயல்பு. அப்போது மருத்துவர் அளவைச் சற்றுக் குறைப்பார். ஆனால் டைகருக்கு வேறு காரணம். காலையில் வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தினமும் ஒரு தோசை போட்டுக்கொண்டிருந்தார். ‘நான் டயட்டில் இருக்கிறேன்’ என்று எழுதிய அட்டையை வேலியில் மாட்டியதும் தோசை நின்றது. எண் மீண்டும் இறங்கியது.

கணக்குப்படி வாரம் 260 கிராம் குறைய வேண்டும். நடந்தது அதில் பாதிக்கும் குறைவு. கணிப்பும் அளவீடும் ஒத்துப்போகாதபோது அளவீட்டைத்தான் நம்ப வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நான் அடிக்கடி சொல்வதை டைகர் நிரூபித்தது.

பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு மாலை, பாட்டி சாமி விளக்கேற்றிவிட்டுத் திரும்பியபோது பின்னால் டைகர் நின்றதாம். யாரும் அதைத் தூக்கி வரவில்லை. மூன்று படிகளையும் தானே ஏறி வந்திருக்கிறது. அப்போது குறைந்திருந்தது 1.2 கிலோ, அதாவது தொடக்க எடையில் 6 விழுக்காடு. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுத் தேய்மானமுள்ள பருத்த நாய்களின் நொண்டல் ஏறக்குறைய 6 விழுக்காடு எடை குறைந்தபோதே தெளிவாகக் குறைந்தது. இலக்கை எட்டும்வரை பலனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இலக்குக்கு இன்னும் ஒரு கிலோ இருக்கிறது. அவசரம் இல்லை என்கிறார் மருத்துவர்.

நினைவில் கொள்க

1. வாரத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்தாலும், நாய் ஒரு நாள் முழுவதும் சாப்பிட மறுத்தாலும், வாந்தி எடுத்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

2. திட்டம் எதுவும் இல்லாமலே வயதான நாயின் எடை குறைந்தால் மகிழாதீர்கள். அது நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

3. வெங்காயம், பூண்டு சேர்ந்த கறிக்குழம்பு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லெட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி ஆகியவை நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கலாம்.

4. தண்ணீரை ஒருபோதும் குறைக்காதீர்கள்.

5. இந்தக் கட்டுரையைப் பார்த்துப் பூனைக்கு உணவைக் குறைக்காதீர்கள். பருத்த பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே அதன் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

செய்து பாருங்கள்

அ. இலக்கு எடை 16 கிலோ உள்ள நாய்க்கு 560 கிலோகலோரி. 8 கிலோ நாய்க்கு அதில் பாதியான 280 போதுமா? கால்குலேட்டரில் 8-க்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, மும்மடியாக்கி, 70-ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை 280-ஐவிடக் கூடுதலாக வரும். ஏன் என்று கிளைபரின் கண்டுபிடிப்பைக் கொண்டு விளக்குங்கள்.

ஆ. டைகரின் எடைப் பதிவை வரைபடத் தாளில் குறியுங்கள். கிடை அச்சில் வாரம், நிலை அச்சில் எடை. பக்கத்து வீட்டுத் தோசை உங்கள் கோட்டில் எங்கே தெரிகிறது?

இ. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ நாய் இருந்தால், பெரியவர் ஒருவரின் துணையோடு விலா எலும்புச் சோதனையைச் செய்யுங்கள். பிறகு மூன்று நாள் குறிப்பேடு எழுதுங்கள். தட்டை மட்டும் பார்க்காமல், வீட்டிலுள்ள எல்லோருடைய கையையும் பாருங்கள்.